உறையும் ரத்தமா, உறையாத ரத்தமா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த 30 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார், கூடவே ஆறு ரிப்போர்ட்களின் போட்டோ. திருமணமாகி ஐந்து வருடம். முதல் கர்ப்பம் எட்டாவது வாரத்தில் கலைந்துவிட்டது. இரண்டாவது கர்ப்பம் 22-ஆம் வாரம் வரை வந்தது. கடந்த ஜனவரியில் ஸ்கேன் எடுத்தபோது குழந்தைக்குத் துடிப்பு இல்லை என்றார்கள். உடல் அமைப்பில் குறை எதுவும் இல்லை, ஆனால் எடை ரொம்பக் குறைவு. அன்றைக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, 'ரத்தம் உறைய நேரமாகிறது, பிளேட்லெட்டும் ஒரு லட்சத்து ஐயாயிரம்தான் இருக்கிறது' என்று இரண்டு யூனிட் ரத்தம் ஏற்பாடு செய்யச் சொன்னார்களாம். மூன்று வாரம் கழித்து, பிப்ரவரி 10 அன்று, வேறொரு டாக்டர் எழுதிக் கொடுத்த பரிசோதனையில் ஆன்டிகார்டியோலிபின் ஐஜிஜி 68, லூபஸ் ஆன்டிகோகுலன்ட் பாசிட்டிவ். அவர் சொன்னது நேர் எதிர்: 'உங்கள் ரத்தம் சீக்கிரம் உறைகிற ரகம்.'

மூன்றாம் பக்கத்தில், மற்றதைவிடச் சின்ன எழுத்தில், இன்னொன்றும் இருக்கிறது. சிபிலிஸ் என்னும் பால்வினை நோய்க்காகச் செய்யும் விடிஆர்எல் பரிசோதனை இரண்டு கர்ப்பத்திலும் 'ரியாக்டிவ்', அதாவது பாசிட்டிவ், என்று வந்திருக்கிறது. கணவருக்கும் எடுத்தார்கள். அவருக்கு இல்லை. 'எனக்கு இல்லாதது உனக்கு எப்படி வந்தது?' என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டாராம். அதற்குப் பிறகு கேட்கவில்லை, சரியாகப் பேசவும் இல்லை.

அவருடைய கேள்விகள்: இது ரத்தப் புற்றுநோயா, உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் என்ற நோயா? இனி குழந்தை பெற முடியுமா? காலில் ரத்தம் கட்டிய சித்தப்பா மகன் சாப்பிடும் புது மாத்திரையை நானும் சாப்பிடலாமா? தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள், அவளுக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா? சித்திரையில் குலதெய்வக் கோயில் பொங்கல் வருகிறது, மாதவிலக்கைத் தள்ளிப்போட அண்ணி மாத்திரை வாங்கி வைத்திருக்கிறார், போட்டுக்கொள்ளட்டுமா? கடைசியாக, உங்கள் பதிலைக் கணவரிடம் காட்டலாமா?

சகோதரி, உங்கள் கேள்விகளை நீங்கள் கேட்ட வரிசையில் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. சின்ன எழுத்தில் எழுதியதிலிருந்து தொடங்குகிறேன்.

அந்த விடிஆர்எல்

விடிஆர்எல் தேடுகிற அந்தப் பால்வினை நோய் உங்களுக்கு இல்லை. இரண்டாவது கர்ப்பத்தில் எடுத்த ரிப்போர்ட்டிலேயே அது இருக்கிறது. இரண்டாம் தாளில் கீழிருந்து மூன்றாவது வரி: 'டிபிஹெச்ஏ – நான் ரியாக்டிவ்', அதாவது நெகட்டிவ். இதை யாரும் உங்களுக்குப் படித்துச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

சிபிலிஸ் என்னும் மேகநோயைக் கண்டுபிடிக்க இரண்டு வகைப் பரிசோதனைகள் உண்டு. டிபிஹெச்ஏ அந்த நோய்க்கிருமிக்கு எதிராகவே உடலில் உண்டாகும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தேடும். விடிஆர்எல் அப்படியில்லை, அது கிருமியின் பக்கமே போவதில்லை. கார்டியோலிபின் என்ற ஒரு கொழுப்புப் பொருளோடு உங்கள் ரத்தத்தின் தெளிநீரைச் சேர்த்துப் பார்ப்பார்கள். திரிதிரியாகச் சேர்ந்தால் ரியாக்டிவ். சிபிலிஸ் வந்தவர்களின் ரத்தத்தில் இந்தக் கொழுப்போடு ஒட்டும் ஆன்டிபாடி இருப்பது வழக்கம், அதனால்தான் இந்தப் பரிசோதனை. மலிவு, சுலபம். கர்ப்பிணிகளுக்குப் பல இடங்களில் முதலில் இதைச் செய்வது அதனால்தான்.

இப்போது உங்கள் பிப்ரவரி ரிப்போர்ட்டை எடுங்கள். அதில் 68 என்று வந்திருப்பது எது? ஆன்டி-கார்டியோலிபின். அதாவது கார்டியோலிபினோடு ஒட்டும் ஆன்டிபாடி. அதே பொருள்தான். விடிஆர்எல் டெஸ்ட் உங்கள் ரத்தத்தில் பார்த்தது இதைத்தான், மேகநோயை அல்ல. இதற்குப் 'பொய் பாசிட்டிவ்' என்று பெயர். உங்களுடையது இரண்டு தடவையும் 1:4 என்ற குறைந்த அளவில்தான் இருக்கிறது, பொய் பாசிட்டிவ் பெரும்பாலும் இப்படித்தான் வரும். இந்தக் குழப்பம் மருத்துவத்துக்குப் புதிதும் இல்லை. சிபிலிஸ் இல்லாமலே இந்த டெஸ்ட் பாசிட்டிவாக வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது அவர்களில் பலருக்கு லூபஸ் போன்ற நோய்கள் இருப்பதை 1950-களிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த இழையைப் பிடித்துக்கொண்டு போய்த்தான், 1983-இல் லண்டனில் கிரஹாம் ஹியூஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் ரத்த உறைவு, கருச்சிதைவு, இந்த ஆன்டிபாடிகள் மூன்றையும் ஒரே நோயாக இணைத்தார்கள். இன்றும் சிலர் இதை ஹியூஸ் சிண்ட்ரோம் என்பார்கள். நாங்கள் ஆன்டிபாஸ்போலிபிட் சிண்ட்ரோம் என்கிறோம்.

பல வருடம் முன்பு இதே மாதிரி ஒரு ரிப்போர்ட்டோடு ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். பெஞ்சில் நடுவில் ஓர் ஆள் உட்காருகிற இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண்ணைவிட அவருடைய மாமியார்தான் அதிகம் பேசினார். நான் ரிப்போர்ட்டைத் திருப்பி வைத்து, விடிஆர்எல் பக்கத்தில் 'கார்டியோலிபின்' என்று எழுதி, அதற்கும் 'ஆன்டிகார்டியோலிபின்' என்ற பெயரில் இருந்த அதே சொல்லுக்கும் கீழே பேனாவால் கோடு போட்டுக் காட்டினேன். வேறொன்றும் செய்யவில்லை. உங்கள் ரிப்போர்ட்டிலும் அப்படி எழுதிக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு டாக்டரும் சொன்னது சரிதான்

ஒருவர் உறையாது என்கிறார், இன்னொருவர் சீக்கிரம் உறையும் என்கிறார், யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலாமவர் கண்ணாடிக் குழாயில் நடந்ததைச் சொன்னார். இரண்டாமவர் உடம்புக்குள் நடப்பதைச் சொன்னார்.

ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஏபிடிடி என்ற பரிசோதனையில், உறைதல் நடப்பதற்கு ஒரு தளம் வேண்டும் என்று பாஸ்போலிபிட் என்ற கொழுப்பைக் குழாயில் சேர்ப்பார்கள். உங்கள் ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடி அந்தக் கொழுப்பையே போய்ப் பிடித்துக்கொள்கிறது. மேடை இல்லாமல் நாடகம் தொடங்குமா? உறைய நேரமாகிறது. உங்களுக்கு 58 வினாடி ஆனதன் கதை இதுதான். ஆனால் உடம்புக்குள் அதே ஆன்டிபாடி, பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் என்ற ஒரு புரதத்தின் வழியாக ரத்தக் குழாயின் உள்சுவரிலும் பிளேட்லெட்டிலும் ஒட்டி அவற்றை உசுப்பிவிடுகிறது. அங்கே ரத்தம் கட்டும் வாய்ப்பு கூடுகிறது.

இதற்குப் பெயர் வைத்தவர்கள் குழாயில் பார்த்ததை வைத்து ஆன்டிகோகுலன்ட், அதாவது 'உறையவிடாதது' என்று வைத்துவிட்டார்கள். முதலில் லூபஸ் நோயாளிகளிடம் பார்த்ததால் முன்னால் லூபஸ் வேறு. இந்த ஆன்டிபாடி இருக்கிற நிறையப் பேருக்கு லூபஸ் கிடையாது, உடம்புக்குள் அது உறையவிடாமல் தடுப்பதும் கிடையாது. இரண்டு சொல், இரண்டும் தப்பு. பெயரைப் பார்த்துப் பயந்து இணையத்தில் தேடியதாக எழுதியிருக்கிறீர்கள். நானும் நோயாளியாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆக, இது ரத்தப் புற்றுநோய் இல்லை, அதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. லூபஸா என்பது தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம். வெயில் பட்டால் முகத்தில் தடிப்பு, அடிக்கடி வாய்ப்புண், காலையில் விரல் மூட்டுகளில் வலி, வீக்கம் இப்படி எதையும் நீங்கள் எழுதவில்லை. ஏஎன்ஏ என்ற பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் ஒரு தடவை செய்துகொள்ளுங்கள். ஏஎன்ஏ லேசாகப் பாசிட்டிவ் வந்தாலே லூபஸ் என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம். ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கும் அப்படி வரும்.

பிளேட்லெட் கொஞ்சம் குறைந்திருப்பதும் இதே ஆன்டிபாடியின் வேலையாக இருக்கலாம். 'பிளேட்லெட் குறைவு, அதனால் ரத்தம் கட்டாது' என்று உங்கள் அண்ணன் தைரியம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கு இந்த நோயில் செல்லாது. அப்புறம், மாமியார் சொன்ன 'ரத்தம் கெட்டி' விஷயம். உங்கள் ரத்தம் கெட்டியாகவும் இல்லை, நீர்த்தும் இல்லை. பூண்டு சாப்பிடுங்கள், நல்லதுதான். ஆனால் அதனால் இந்த ஆன்டிபாடி குறையாது.

மே மாதம் வரை இது முடிவல்ல

உங்களுக்கு இந்த நோய் இருக்கிறது என்று இப்போதே சொல்ல முடியாது. இதில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. காய்ச்சலோ கிருமித் தொற்றோ வந்து போனால்கூட இந்த ஆன்டிபாடிகள் கொஞ்ச நாள் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும். எந்த நோயும் இல்லாதவர்களிடமும் நூற்றுக்கு ஒருவர் முதல் ஐந்து பேர் வரை குறைந்த அளவில் இருக்கும். பிப்ரவரியில் ரத்தம் கொடுப்பதற்குப் பத்து நாள் முன்பு சளி, காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் 12 வாரத்துக்குக் குறையாத இடைவெளியில் இரண்டாம் தடவை எடுத்து, அப்போதும் பாசிட்டிவ் என்றால்தான் கணக்கில் சேர்க்கிறோம். பிப்ரவரி 10-இலிருந்து எண்ணினால் மே 5 வருகிறது. அதற்கு முன்னால் அவசரப்பட்டு எடுத்தால் பணம்தான் வீண்.

என் மனதில் இருப்பதையும் மறைக்கவில்லை. உங்களுடையது வந்து மறைந்துபோகிற வகையாக இருக்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். 40-க்கு மேல் என்பதையே நாங்கள் முக்கியமாக எடுத்துக்கொள்வோம், உங்களுக்கு 68. லூபஸ் ஆன்டிகோகுலன்டும் இருக்கிறது, இந்த நோய்க்காகப் பார்க்கும் மூன்று ஆன்டிபாடிகளில் ஆபத்தோடு அதிகம் தொடர்புடையது அதுதான். விடிஆர்எல் இரண்டு வருட இடைவெளியில் இரண்டு தடவையும் அதே மாதிரி வந்திருக்கிறது. எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுகின்றன.

மே மாதம் ரத்தம் கொடுக்கும்போது மூன்றையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள்: லூபஸ் ஆன்டிகோகுலன்ட், ஆன்டிகார்டியோலிபின், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் ஆன்டிபாடி. பிப்ரவரியில் மூன்றாவது விட்டுப்போயிருக்கிறது. அது முக்கியம், ஏனென்றால் ஒன்று மட்டும் லேசாக இருப்பவருக்கும் மூன்றுமே இருப்பவருக்கும் ஆபத்து ஒன்றல்ல. இதுவரை ரத்தம் கட்டாமல், ஒன்று மட்டும் இருப்பவர்களில் வருடத்துக்கு நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே ரத்தம் கட்டுகிறது. மூன்றும் இருந்தால் அது சுமார் ஐந்து பேர் வரை போகிறது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின் ஊசியோ வார்ஃபரின் போன்ற மாத்திரையோ போய்க்கொண்டிருக்கும்போது லூபஸ் ஆன்டிகோகுலன்ட் எடுத்தால் முடிவு குழம்பும். காய்ச்சல் இருந்தாலும் அன்றைக்கு வேண்டாம்.

'எல்லா டெஸ்டும் எடுத்துவிடலாம்' என்று ஒரு லேபில் பதினெட்டாயிரம் ரூபாய்க்குப் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். பார்த்தேன். அதில் டார்ச் பேனல் என்ற கிருமித் தொற்றுப் பரிசோதனைத் தொகுப்பு வேண்டாம். எம்டிஹெச்எஃப்ஆர் மரபணு டெஸ்ட் வேண்டாம். அவை இரண்டும் உங்கள் சிகிச்சையில் எதையும் மாற்றப் போவதில்லை.

அடுத்த குழந்தை

முடியும். மே ரிப்போர்ட்டும் பாசிட்டிவாக வந்தால்கூட முடியும். சரியான சிகிச்சையோடு இந்த நோயுள்ள பெண்களில் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் குழந்தையோடு வீட்டுக்குப் போகிறார்கள்.

முதலில், போன இரண்டு கர்ப்பத்தையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். எட்டாவது வாரத்தில் கலைவது மிகச் சாதாரணமாக நடப்பது. முதல் மூன்று மாதத்தில் கலைபவற்றில் ஏறக்குறைய பாதி, கருவின் குரோமோசோம் சரியாக அமையாததால்தான் கலைகின்றன. அதற்கு இந்த ஆன்டிபாடி காரணமாக இல்லாமலும் இருக்கலாம். 22-ஆம் வாரத்தில், உடல் அமைப்பில் குறையே இல்லாத குழந்தை வளராமல் இருந்து துடிப்பு நின்றதுதான் இந்த நோயின் முத்திரை. நஞ்சுக்கொடி சரியாக வேர் பிடிக்கவிடாமல் இந்த ஆன்டிபாடி தடுக்கிறது. குழந்தைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. நீங்கள் பஸ்ஸில் வேலைக்குப் போனதாலோ, பப்பாளி சாப்பிட்டதாலோ நடந்ததல்ல. கடிதத்தில் இரண்டு இடத்தில் 'நான்தான் கவனமாக இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். எதில் கவனமாக இருந்திருந்தாலும் அந்த ஜனவரி மாறியிருக்காது.

சிகிச்சை இரண்டே மருந்து. தினம் ஒரு சின்ன ஆஸ்பிரின், வழக்கமாக 75 மில்லிகிராம். இதைக் கருத்தரிக்க முயலும்போதே தொடங்கிவிடுவோம். கர்ப்பம் உறுதியானதும் ஹெபாரின் வகை ஊசி, பெரும்பாலும் எனாக்ஸாபரின் 40 மில்லிகிராம், தினம் ஒன்று. பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம் தொடரும், ஏனென்றால் ரத்தம் கட்டும் ஆபத்து அந்த ஆறு வாரத்தில் அதிகம். உங்கள் எடை, சிறுநீரகம், பிளேட்லெட் பார்த்து அளவை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்வார். சிலருக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையும் சேர்ப்பதுண்டு. அல்சர் பயத்தில் ஆஸ்பிரினை நிறுத்திவிட்டேன் என்றிருக்கிறீர்கள். இப்போதைக்குப் பரவாயில்லை. வயிற்றில் புண் உண்மையிலேயே இருந்ததா, வெறும் எரிச்சலா என்பதை டாக்டரிடம் சொல்லிவிட்டு மறுபடி தொடங்குவது பற்றிப் பேசுங்கள்.

தினம் ஊசியா என்று மலைக்க வேண்டாம். மருந்து நிரப்பியே வரும் சின்ன ஊசி, முடி மாதிரி மெல்லிய முனை. தொப்புளிலிருந்து நாலு விரல் தள்ளி, இடுப்புப் பக்கமாக, தோலைக் கொழுப்போடு சேர்த்துக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மடித்துப் பிடித்து, நேராகக் குத்தி, மெதுவாக அழுத்த வேண்டும். உள்ளே தெரியும் காற்றுக் குமிழியை வெளியேற்றக் கூடாது. எடுத்த பிறகு அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் கன்றிப்போகும். இன்று வலப்பக்கம் என்றால் நாளை இடப்பக்கம். ஊசி தோலுக்கடியில் உள்ள கொழுப்போடு நின்றுவிடும், குழந்தையைத் தொடாது. மருந்தும் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது. என்னிடம் வருபவர்களில் பாதிப் பேருக்கு ஊசி போடுவது கணவர்தான். முதல் நாள் கை நடுங்கும். ஒரு வாரத்தில், காபி போடுகிற மாதிரி ஆகிவிடும்.

மாதக்கணக்கில் போடுவதால் செலவு கணிசமாக ஆகும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு பிரிவில் பதிவு செய்துகொண்டால் ஊசி கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இன்னொன்றும் வேண்டும்: 20 வாரத்துக்கு மேல் குழந்தையின் வளர்ச்சியையும் ரத்த ஓட்டத்தையும் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன், அடிக்கடி ரத்த அழுத்தம். இந்த நோயில் கர்ப்பகால ரத்த அழுத்தம் எகிறும் வாய்ப்பு அதிகம். பிரசவ வலி வந்துவிட்டால் அன்றைய ஊசியைப் போடாமல் மருத்துவமனைக்குப் போங்கள். கடைசி ஊசி போட்டு 12 மணி நேரமாவது ஆனால்தான் முதுகில் மயக்க ஊசி போட முடியும். எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதைக் கணவர் குறித்து வைத்திருந்தால் நல்லது.

ஒரு எச்சரிக்கை. கணவரின் வெள்ளணுக்களை எடுத்து உங்களுக்கு ஊசியாகப் போடும் சிகிச்சையை ஒரு இடத்தில் சொன்னார்களாம். அதில் பலன் உண்டு என்று நிரூபணமாகவில்லை. நிறைய ஸ்டீராய்டு கொடுப்பது 1980-களின் பழக்கம். நன்மையைவிடச் சர்க்கரை, ரத்த அழுத்தம், குறைப்பிரசவம்தான் அதிகமானது என்று தெரிந்து கைவிட்டார்கள். லூபஸ் போல வேறு காரணம் இருந்தால் மட்டும்தான் அதற்கு இடம்.

மாத்திரைகள்

அண்ணி வாங்கி வைத்திருக்கும் மாத்திரையைத் தயவுசெய்து போட வேண்டாம். மாதவிலக்கைத் தள்ளிப்போடப் பெரும்பாலும் கொடுப்பது நார்எத்திஸ்டிரோன், தினம் மூன்று வேளை. அதில் ஒரு பகுதி உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. ஈஸ்ட்ரோஜன் ரத்தம் கட்டுவதைத் தூண்டும். உங்களைப் போன்றவர்களுக்கு அது எரிகிற அடுப்பில் எண்ணெய். பொங்கல் வைக்கும் நாளில் மாதவிலக்கு வந்தால் வரட்டும், கோயிலுக்கு வெளியே நின்று கும்பிடுங்கள். உங்கள் வீட்டு வழக்கத்தில் நான் தலையிடவில்லை, மாத்திரையில்தான் தலையிடுகிறேன். இந்த மாத்திரையைச் சீட்டே இல்லாமல் கொடுக்கும் மருந்துக் கடைகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

அதே காரணத்தால் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் உங்களுக்கு ஆகாது. மே வரையிலும், அதற்குப் பிறகு சிகிச்சை முடிவாகும் வரையிலும் கருத்தரிக்காமல் இருப்பது நல்லது. அதற்கு ஆணுறை போதும், நீண்ட காலம் என்றால் காப்பர்-டி.

சித்தப்பா மகனின் புது மாத்திரைக்கு வருவோம். முதலில், உங்களுக்கு இதுவரை எங்கும் ரத்தம் கட்டவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு ரத்த உறைவைத் தடுக்கும் முழு அளவு மருந்து இப்போது தேவையில்லை, அதில் ரத்தக்கசிவு ஆபத்துதான் மிச்சம். இரண்டாவது, இந்த நோயில் அந்தப் புது மாத்திரைகள் நம்பத் தகுந்தவை அல்ல. மூன்று ஆன்டிபாடியும் பாசிட்டிவாக இருந்த 120 பேரை வைத்து இத்தாலியில் செய்த ஆய்வு 2018-இல் வெளியானது. பாதிப் பேருக்குப் புது மாத்திரைகளில் ஒன்றான ரிவரோக்சபான், பாதிப் பேருக்குப் பழைய வார்ஃபரின். ரிவரோக்சபான் சாப்பிட்டவர்களில் நாலு பேருக்குப் பக்கவாதம், மூன்று பேருக்கு மாரடைப்பு. வார்ஃபரின் சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் ரத்தம் கட்டவில்லை. ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். அதனால் இந்த நோயில் ரத்தம் கட்டியவர்களுக்கு இன்றும் வார்ஃபரின் அல்லது நம் ஊரில் நிறையப் பேர் சாப்பிடும் அசிட்ரோம் வகைதான், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையை மாதா மாதம் பார்த்துக்கொண்டு. கீரையை நிறுத்த வேண்டியதில்லை, ஒரு நாள் கட்டுக்கட்டாகவும் மறுநாள் ஒன்றுமில்லாமலும் சாப்பிடாமல் இருந்தால் சரி. ஆனால் இந்தப் பழைய மாத்திரைகள் கருவுக்குக் கெடுதல், குறிப்பாக ஆறாவது வாரத்திலிருந்து. உங்களுக்கு ஊசி என்றதன் காரணம் அதுவும்தான்.

உங்கள் சித்தப்பா மகனுக்கு இந்த ஆன்டிபாடி இருக்கிறதா என்று யாராவது பார்த்தார்களா? 34 வயதில், அடிபடாமல், படுத்த படுக்கையாக இல்லாமல் காலில் ரத்தம் கட்டியது என்கிறீர்கள். அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். அவராக மாத்திரையை நிறுத்திவிட மட்டும் கூடாது.

தங்கைக்கு வேண்டாம். இது அம்மாவிடமிருந்து பெண்ணுக்கு நேராக இறங்கும் வியாதியல்ல. சில குடும்பங்களில் இரண்டு மூன்று பேருக்கு வருவதுண்டு, அதற்காக ஒரு தொந்தரவும் இல்லாத பெண்ணுக்கு டெஸ்ட் எடுத்து, லேசாகப் பாசிட்டிவ் வந்து, வரன் பார்க்கும் நேரத்தில் வீடே கலங்குவதில் யாருக்கும் லாபமில்லை. உங்கள் ரிப்போர்ட் உங்களுடையது. மாப்பிள்ளை வீட்டாருக்கு அதைச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கும் இல்லை, தங்கைக்கும் இல்லை.

உடனே ஓட வேண்டிய நேரம்

இவை இருந்தால் மே மாதத்துக்குக் காத்திருக்கக் கூடாது:

- ஒரு கால் மட்டும், பெரும்பாலும் கெண்டைக்கால், வீங்கி வலித்தால். இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்குவது வேறு கதை.
- திடீரென்று மூச்சு வாங்கினால், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினால்.
- முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சு குழறினால்.

மூன்றாவதில் நேரம் மிக முக்கியம். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. 108-ஐக் கூப்பிட்டு, ஸ்கேன் வசதி இருக்கும் பெரிய மருத்துவமனைக்கே போங்கள். சோடா கொடுத்துப் பார்ப்பது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது வேண்டாம். எந்த ஆபரேஷனுக்குப் போனாலும், பல் பிடுங்கப் போனால்கூட, இந்த ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். இரவு முழுக்கப் பஸ் பயணம் என்றால் தண்ணீர் குடிக்கப் பயந்து வாயைக் கட்டிக்கொள்ளாதீர்கள், பஸ் நிற்கிற இடத்தில் இறங்கிக் கொஞ்சம் நடங்கள்.

மே 5-க்குப் பிறகு ரத்தம் கொடுத்து, முடிவு வந்ததும், மூட்டு–நோய் எதிர்ப்புக் கோளாறுகளைப் பார்க்கும் மருத்துவர் ஒருவரையும் மகப்பேறு மருத்துவர் ஒருவரையும் பாருங்கள். ஜனவரியில் நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் அந்த ரிப்போர்ட்டும் வேண்டும். அனுப்பினார்களா என்று அந்த மருத்துவமனையில் கேளுங்கள். கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும்.

கணவரிடம் காட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். காட்டுங்கள். விடிஆர்எல் பகுதியை நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டாம், அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் அந்த இரண்டு ரிப்போர்ட்டும் ஒரு பேனாவும் இருக்கட்டும்.